கார் கோளாறின் கோடு எண்ணைக் காட்ட மறுத்ததும், சொந்தக் கோடு ரீடர் மாட்டியதற்காக வாரண்டியை மறுத்ததும் குறித்த புகார்

07.04.2025
உறையூர், திருச்சிராப்பள்ளி

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: தேவையில்லாமல் ஆக்சிஜன் சென்சார் மாற்றியது – ஸ்கேன் விவரம் தர மறுத்தது – ‘வெளி உபகரணம்’ என்று சொல்லி வாரண்டியை நிராகரித்தது – பணம் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் கம்பெனியின் பெட்ரோல் காரை 2021 மார்ச்சில் வாங்கினேன். ஐந்து வருஷத்துக்கு நீட்டித்த வாரண்டியும் சேர்த்தே பணம் கட்டினேன். வண்டி இதுவரை 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எல்லா சர்வீஸும் உங்கள் அங்கீகாரம் பெற்ற, எங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில்தான். பெயர், வண்டி எண், ஜாப் கார்டு நகல்கள் இணைப்பில் உள்ளன.

ஜனவரி 18 அன்று டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் என்ஜின் லைட் எரிந்தது. 20-ஆம் தேதி வண்டியை விட்டேன். ஸ்கேன் செய்ய 590 ரூபாய் வாங்கினார்கள். என்ஜின் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மட்டமான பெட்ரோலால் கெட்டது என்பதால் வாரண்டியில் வராது என்றார்கள். மாற்றினேன், கூலியோடு 6,840 ரூபாய். ஜனவரி 31 அன்று அதே லைட் மறுபடி வந்தது. பிப்ரவரி 3-இல் மறுபடி ஸ்கேன், மறுபடி 590. லைட்டை அழித்துவிட்டு “பங்க்கை மாத்திப் பாருங்க சார்” என்று அனுப்பினார்கள். பங்க்கை மாற்றினேன், லைட் மாறவில்லை. பிப்ரவரி 19-இல் மூன்றாவது 590 கட்டிய பிறகு கையில் கொடுத்த எஸ்டிமேட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 43,500 ரூபாய் என்று இருந்தது.

மூன்று முறையும் நான் கேட்டது ஒன்றே: கோடு எண் என்ன, அதாவது இன்ன கோளாறு என்று வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த எண் என்ன? முதல் முறை “அது டெக்னிக்கல் சார்” என்றார் அட்வைசர். இரண்டாம் முறை, சிஸ்டத்தில் இருக்கிறது, பிரின்ட் வராது என்றார். மூன்றாம் முறை சிரித்தார்.

நான் மின்வாரியத்தில் மீட்டர், ரிலே சோதனைப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கப் போகிறவர் வீட்டு வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டு வருவார். பில் அதிகம் என்று தோன்றினால் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி மீட்டரைத் தானே பார்ப்பார், சண்டைக்கும் வருவார். பல நேரம் அவர் சொல்வது தப்பாக இருக்கும், சில நேரம் எங்கள் ஆள் எழுதியது தப்பாக இருக்கும். எப்படியானாலும், மீட்டரைப் பார்த்த குற்றத்துக்காக யார் வீட்டு இணைப்பையும் நாங்கள் துண்டித்தது கிடையாது.

எஸ்டிமேட்டோடு வீட்டுக்கு வந்த அன்றே அந்த எண்ணை நானே படிக்க ஆன்லைனில் கோடு ரீடர் தேடினேன். முதலில் வாங்கியது 350 ரூபாய் நீலப் பெட்டி. இஎல்எம் 327 என்று உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரில் அசல் சிப் செய்தது ஒரு கனடா கம்பெனி. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நகல்தான். என்னுடையது வண்டியோடு பேசவே இல்லை. அந்த 350 என் முட்டாள்தனத்துக்கு, உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்து 1,650 ரூபாய்க்கு வாங்கியது வேலை செய்தது. பானெட் திறக்கும் லீவருக்கு மேலே, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும் 16 பின் சாக்கெட்டில் மாட்டி, போனில் ப்ளூடூத் வழியாகப் படித்தேன்.

பிப்ரவரி 24 மாலை வந்த கோடு: பி0171. கலவையில் பெட்ரோலைவிடக் காற்று கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம். கோடோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒரு பதிவு உண்டு, கோளாறு பதிவான அந்த நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதன் குறிப்பு. அதில் வேகம் 0, என்ஜின் சுழற்சி நிமிஷத்துக்கு 780, கூலன்ட் 91 டிகிரி, குறுகிய கால ஃபியூவல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) 8.6 சதவீதம் கூடுதல், நீண்ட கால ட்ரிம் 21.1 சதவீதம் கூடுதல். அதாவது வண்டி சிக்னலில் சும்மா நிற்கும்போது, காற்றை ஈடுகட்ட கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட ஏறக்குறைய முப்பது சதவீதம் அதிகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுழற்சியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து 3.9-க்கு இறங்கின.

இந்த ஒரு வித்தியாசம்தான் விஷயமே. பெட்ரோல் பம்ப் பலவீனமாகவோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால், என்ஜின் அதிகம் கேட்கக் கேட்கப் பற்றாக்குறை கூடும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, மோசமாகவும் வேகத்தில் சரியாகவும் இருந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரைத் தாண்டி எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் சிறு ஓட்டைகூடப் பெரிய பங்கு. மட்டமான பெட்ரோல் என்றால் வேகத்தில் மட்டும் எப்படிச் சரியாகும் என்று உங்கள் அட்வைசரிடம் யாராவது கேளுங்கள்.

கன்வெர்ட்டருக்கு உள்ள கோடு பி0420. அது என் வண்டியில் இல்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார், என்ஜின் சூடான பிறகு 0.68 வோல்ட்டில் அசையாமல் நின்றது. கன்வெர்ட்டர் செத்திருந்தால் அதுவும் முன்சென்சாரைப் போல ஏறி இறங்கியிருக்கும். பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் உள்ள அந்த உருப்படியை எதைப் பார்த்து மாற்றச் சொன்னார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிப்ரவரி 26, சிவராத்திரி. மலைக்கோட்டைக்குக் கிளம்பிய வழியில் பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்த்துவிட்டு, “ஹோஸ்ல எங்கியோ விட்டிருக்கு சார், பத்தி இருக்கா?” என்றார். கோவிலுக்கு வைத்திருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி, ஐடிலில் ஓடும் என்ஜின் மேல் மெல்ல நகர்த்தினார். புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் தேங்கும் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், காற்று உள்ளே போகும் இன்டேக்கில் போய்ச் சேரும் முழங்கைக்கு அடிப்பக்கம் வந்ததும் சட்டென்று மடங்கி உள்ளே போனது. விரலால் தடவிப் பார்த்தேன், ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஹோஸ் 280, கூலி 200. இருபது நிமிஷ வேலை. இன்று ஐடிலில் நீண்ட கால ட்ரிம் 2.3. லைட் வரவில்லை.

நான் ரீடருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 1,650 ரூபாய் பெட்டியில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளைப் படிக்க முடியாது, அதற்கு விலை கூடிய கருவிதான் வேண்டும். கோடு வந்த உடனே பாகத்தை வாங்கி மாட்டுகிறவனுக்கு ரீடர் இருந்தும் நஷ்டம்தான். எங்கள் தெருவில் ஒரு நண்பர் பி0135 என்று பார்த்தார். அது சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். புது சென்சார் வாங்கி மாட்டினார், லைட் போகவில்லை. கடைசியில் உருகியிருந்தது ஃப்யூஸ். இதே அவசரத்தைத்தான் உங்கள் சர்வீஸ் சென்டர் என் காசில் செய்தது, அவரோ தன் காசில் செய்தார். வருஷத்துக்கு ஒருமுறைகூட லைட் வராத வண்டிக்கு இது வீண் செலவு என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் ஸ்கேனுக்கு 590 வாங்கிக்கொண்டு எண்ணையும் சொல்லாத இடத்தில், மூன்று முறை போகிற காசுக்கு ரீடரே வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் ஆட்கள் கோடை அழித்துவிட்டே வண்டியைக் கொடுத்தார்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். முதல் நாளே ஐடிலில்தான் கோளாறு என்று சொல்லியிருக்கக்கூடிய சாட்சி அது. ஹோஸ் மாற்றும்வரை நான் ரீடரால் எதையும் அழிக்கவில்லை, ஸ்க்ரீன்ஷாட்கள் இணைத்திருக்கிறேன்.

மார்ச் 10-ஆம் தேதி இந்தப் படங்களோடு சென்டருக்குப் போய், சென்சார் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரீடர் சாக்கெட்டிலேயே மாட்டியிருந்ததை அட்வைசர் பார்த்துவிட்டார்.

“சார், இதெல்லாம் மாட்டினா வாரண்டி போயிடும்.”

“எந்த ஷரத்துல தம்பி இருக்கு? கையேட்டுல காட்டுங்க.”

காட்டவில்லை. ஜாப் கார்டில் ‘வெளி உபகரணம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினார். மார்ச் 21-இல் உங்கள் அலுவலகத்திலிருந்தே மின்னஞ்சல் வந்தது, அதே காரணம் சொல்லி வாரண்டிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று. சென்சார் மாற்றியது ஜனவரி 20. நான் ரீடர் வாங்கியது பிப்ரவரி 19-க்குப் பிறகு. வராத விருந்தாளி எப்படி ஐயா பாத்திரத்தை உடைத்திருப்பான்?

அந்த சாக்கெட் நான் ஓட்டை போட்டு வைத்ததல்ல. அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், நம் நாட்டில் பிஎஸ் 4 புகை விதிக் காலத்தில் 2013 ஏப்ரல் முதலும் கட்டாயமான, வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதியும் ஓபிடி 2 முறைக்காக நீங்கள் வைத்தது. பொதுவான கோடுகளை எந்தக் கருவியும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வடிவம். 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும் என்பதால் ரீடரை நாள்கணக்கில் மாட்டிவைத்தால் பேட்டரி இறங்கும், அது எனக்குத் தெரியும். அன்று வண்டி ஓடிய அரைமணி நேரம் மாட்டியிருந்தேன், அவ்வளவே. அதனால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் அங்கே விஷயம். வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது தனிக் கதை.

நான் கேட்பது: சென்சாருக்கு 6,840, மூன்று ஸ்கேனுக்கு 1,770, ஆக 8,610 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். ஜாப் கார்டிலும் உங்கள் சிஸ்டத்திலும் உள்ள ‘வெளி உபகரணம்’ குறிப்பை நீக்கி எழுத்தில் உறுதி தரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மார்ச் வரை எந்தக் கோரிக்கைக்கும் அதையே காட்டுவீர்கள். ஜனவரி 20, பிப்ரவரி 3, 19 ஆகிய தேதிகளில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகளின் நகலும் வேண்டும். ஹோஸுக்கும் ரீடருக்கும் ஆன செலவைக் கேட்கவில்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, எனக்கு ஓய்வு நேரமும் உண்டு.

50,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு ஜூன் மாதம் வண்டியை விடுவேன். ரீடரைக் கழற்றி க்ளவ் பாக்ஸில் வைத்திருப்பேன். ஸ்கேன் செய்தால் எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி அந்த சென்டருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டுகள் நான்கு, பில்கள், எஸ்டிமேட், மார்ச் 21 மின்னஞ்சல், ஸ்க்ரீன்ஷாட்கள், விரிசல் விட்ட ஹோஸின் படம். ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் நேரில் காட்டுகிறேன்.