முழங்கால் உயரம்

காவேரிப்பட்டணம்,
புரட்டாசி 9.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கோபப்பட்டதில் தவறு ஒன்றும் இல்லை. தம்பி அனுப்பிய படத்தில் கொட்டகைக்குள் இறக்கையைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். "அறுபத்து மூன்று வயதில் விமானம் கட்டிப் பறக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாய், உடனே வைத்துவிட்டாய். நான் திரும்ப அழைத்திருந்தால் என் குரல் உயர்ந்திருக்கும், நீ அழுதிருப்பாய், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றிருக்கும். அதனால் எழுதுகிறேன். உன்னிடம் மறைத்த ஒன்றும் இருக்கிறது. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரை படி.

முதலில், அது விமானம் இல்லை கண்ணு, படகு. தண்ணீரை விட்டு முழங்கால் உயரம் எழும்பி, அந்த உயரத்திலேயே தண்ணீரை ஒட்டிக்கொண்டு போகும் படகு. அதற்கு மேல் அது போகவே கூடாது என்றுதான் இரண்டு வருடமாக ஒவ்வொரு பலகையையும் அறுக்கிறேன்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும். கிருஷ்ணகிரி அணைக்குப் போய் மீன் வறுவல் வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தோம். நீர்க்காகம் ஒன்று அக்கரையிலிருந்து இக்கரை வரை தண்ணீரைத் தொடாமல், உயரவும் செய்யாமல், கோடு போட்டதுபோல வந்தது. இறக்கையை அடித்ததுகூடக் குறைவு. "வானம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அது ஏன் அப்பா தண்ணீரை உரசிக்கொண்டே போகிறது?" என்று கேட்டாய். மீன் பார்க்கிறது போலிருக்கிறது என்று ஏதோ சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை, அது கீழேயே பார்க்கவில்லை என்றாய். நீ சொன்னதுதான் சரி. அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கப் பதினைந்து வருடம் ஆயிற்று.

இறக்கை காற்றில் போகும்போது அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அடியில் இருக்கும் காற்று இரண்டு முனைகளையும் சுற்றி மேலே ஏறப் பார்க்கும். முனையில் சுழல் உண்டாகும். அந்தச் சுழலை இழுத்துக்கொண்டு போவதற்கே எஞ்சினின் பலத்தில் பெரும்பகுதி செலவாகிறது. கீழே தண்ணீரோ தரையோ நெருங்கி இருந்தால் அந்தச் சுழலுக்கு விரிய இடமில்லை. இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று மெத்தைபோல நின்றுவிடுகிறது. விமானிகளுக்கான பாடத்தில் இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். இறக்கையின் முழு அகலத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தால் அந்த இழுவை 1.4 சதவீதம்தான் குறையும். அகலத்தில் கால் பங்கு உயரத்துக்கு இறங்கினால் 23.5 சதவீதம் குறையும். பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் 47.6 சதவீதம், கிட்டத்தட்டப் பாதி. என் படகின் இறக்கை நுனிக்கு நுனி நாலரை மீட்டர். பத்தில் ஒரு பங்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர். முழங்கால் உயரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ரஷ்யாவில் ரோஸ்டிஸ்லாவ் அலெக்செயெவ் என்ற கப்பல் வடிவமைப்பாளர் 92 மீட்டர் நீளத்தில், பத்து ஜெட் எஞ்சின் வைத்து, 544 டன் எடையில் இப்படி ஒன்று கட்டி 1966-இல் காஸ்பியன் கடல்மேல் ஓட்டினார். அமெரிக்கர்கள் செயற்கைக்கோள் படத்தில் அதைப் பார்த்து என்னவென்று புரியாமல் 'காஸ்பியன் கடல் பூதம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நான் பின்பற்றுவது ஜெர்மானியரான அலெக்சாண்டர் லிப்பிஷ்ஷின் வடிவத்தை. தலைகீழ் முக்கோண இறக்கை: முன் விளிம்பு நேராக அகன்றிருக்கும், பின்னால் போகப் போகக் குவியும், இரண்டு முனைகளும் தண்ணீரை நோக்கிச் சரிந்திருக்கும். 1963-இல் எக்ஸ்-112 என்று சிறியதாக ஒன்று செய்து பார்த்தார். அதற்குப் பின் வந்த எக்ஸ்-113 1970-இல் ஓடியது. ஒற்றை ஆள் கொட்டகையில் கட்டக்கூடியது என்றால் இந்த வடிவம்தான்.

நீ கப்பல் வரைபடங்களோடு வேலை செய்கிறவள், படகின் உடலைப் பற்றி நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், உன் தாத்தாவை நினைத்துக்கொண்டு. ஒகேனக்கல்லில் அவர் மூங்கில் பிளாச்சை வளைத்துப் பரிசல் பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பரிசலின் அடி உருண்டை. பாறையில் மோதினாலும் வழுக்கிப் போகும், சுழலில் சுழன்று தப்பும். அந்த நினைப்பில் முதல் உடலின் அடியை நானும் வளைவாகத்தான் வரைந்தேன். அது தவறு. வேகம் கூடும்போது வளைந்த அடியைத் தண்ணீர் விடாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டு, கரண்டியைத் தளர்வாகப் பிடித்து அதன் முதுகைத் தண்ணீரில் தொடவிட்டுப் பார். தண்ணீர் தள்ளிவிடும் என்று நினைப்பாய், உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கடற்படகு விமானங்களில் செய்வதுபோல அடியை நடுவில் அறுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு படி விட்டேன். படிக்குப் பின்னால் காற்று புகுந்ததும் தண்ணீரின் பிடி விட்டுப்போகும்.

எஞ்சின் பலம் வேண்டியிருப்பதும் அந்த இடத்தில்தான். பறப்பதற்கு அவ்வளவு வேண்டாம். தண்ணீரை உழுதுகொண்டு போகும் படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், தண்ணீரின் எதிர்ப்பு உச்சத்துக்குப் போகும் ஒரு மேடு வரும், அந்த மேட்டைத் தாண்டத்தான் வேண்டும். நான் உட்கார்ந்தால் மொத்த எடை 220 கிலோ. மேட்டில் ஐம்பது கிலோ தள்ளுவிசை கேட்கும் என்று வைத்திருக்கிறேன். மேலே எழும்பிவிட்டால் முப்பது போதும். பாராசூட் போன்ற துணி இறக்கையோடு முதுகில் கட்டிக்கொண்டு பறக்கிறார்களே, அந்தப் பாராமோட்டாரின் பழைய எஞ்சின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இருபத்தைந்து குதிரைத் திறன். தராசில் கட்டி இழுக்கவிட்டுப் பார்த்ததில் அறுபத்தைந்து கிலோ இழுத்தது. வேகம் எண்ணிக்கையில் எவ்வளவு என்று கேட்பாய். இறக்கைப் பரப்பு பதினொரு சதுர மீட்டர். பாடப் புத்தகத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ என்று இருக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயிலும் அதிகம், அதனால் 1.09 என்று போட்டேன். நொடிக்கு இருபது மீட்டர் வந்தது, மணிக்கு 72 கிலோமீட்டர். பைக்கில் போகும் வேகம்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன், உனக்குப் பிடிக்கும். ஓசூரில் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்துகொண்டிருந்த கை, அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராது. ப்ளைவுட்டைத் துணி தைப்பதுபோலச் செம்புக் கம்பியால் தைத்து, மூலையில் பசை வைத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டினேன். இறக்கைக்கு உள்ளே தெர்மாகோல். முதல் தடவை கடையில் மலிவாகக் கிடைத்த பாலியெஸ்டர் ரெசினை ஒரு துண்டின்மேல் தடவினேன். ஐந்து நிமிடத்தில் தெர்மாகோல் கண்ணெதிரே சுருங்கி, குழிவிழுந்து, பாகுபோல வழிந்தது. இரண்டு திரவத்தைக் கலக்கிச் செய்யும் எபாக்ஸி பசைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை, அது தெர்மாகோலைத் தொடாது. ஆனால் அதற்கு வேறு குணம். சித்திரை வெயிலில் ஒரு டம்ளர் நிறையக் கலக்கினேன். கலக்கியது தானாகச் சூடேறி, புகைந்து, டம்ளரோடு கல்லாகிவிட்டது. அதன் பிறகு விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, அகலத் தட்டில் பரப்பி, ஏழு மணிக்குள் துணியை ஒட்டி முடித்துவிடுவேன். உன் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். துணிக்கு அடியில் காற்றுக் குமிழி இருந்தால் எனக்கு முன்னால் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். வலது இறக்கையில் ஒரு குமிழிகூட இல்லை, அது முழுக்க அவளால்.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆடியில் கால் அளவு மாதிரி ஒன்று செய்து ரிமோட் வைத்து பாரூர் ஏரியில் விட்டேன். நுனிக்கு நுனி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். முதல் நான்கு ஓட்டம் அழகாக ஓடியது. தண்ணீரில் அதன் நிழலும் அதுவும் ஒரு சாண் இடைவெளியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போனதைப் பார்த்து நானும் தம்பியும் கத்தினோம். ஐந்தாவது ஓட்டத்தில் எதிர்க்காற்று திடீரென்று வீசியது. மாதிரி இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. மூக்கு மேலே போனது. நான் கீழே தள்ள விசையைத் தொடுவதற்குள் செங்குத்தாக நின்று, முதுகுப் பக்கமாகப் புரண்டு, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. ஒரு நொடிதான். ஓட்டுபவர் இடத்தில் உன் பழைய பொம்மை ஒன்றை உட்காரவைத்திருந்தேன். கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் அதன் தலைமேல் இறக்கை மடிந்து கிடந்தது.

உன் அம்மாவிடம் எஞ்சின் நின்றுவிட்டது என்று சொன்னேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியையும் சொல்லக் கூடாது என்று தடுத்தேன். அவன் மேல் கோபப்படாதே, தவறு என்னுடையது. இரண்டு மாதம் கொட்டகையைத் திறக்கவில்லை.

ஏன் புரண்டது என்பது பிறகு புரிந்தது. தண்ணீரை ஒட்டிப் போகும்போது இறக்கையைத் தூக்கும் விசை நடுப்பகுதிக்கு அருகில் நிற்கிறது. உயரம் கூடக் கூட அது முன்னால் நகர்ந்து, மெத்தையை விட்டு வெளியே வந்ததும் முன்னாலிருந்து கால் பங்கில் போய் நிற்கும். விசை முன்னால் போனால் மூக்கு எழும்பும். மூக்கு எழும்பினால் இன்னும் உயரும். ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். அதை அடக்குவது வால் ஒன்றுதான். அலெக்செயெவின் கலங்களைப் படத்தில் பார், உடம்புக்கு மீறிய வால் இருக்கும். நான் எடைக்குப் பயந்து இறக்கைப் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் வால் வைத்திருந்தேன். லிப்பிஷ் வடிவம் இந்த நகர்வைக் குறைக்கும், அது போதும் என்று நம்பிவிட்டேன்.

அலெக்செயெவைப் பற்றி ஒன்று படித்தேன். ஒரு சோதனை ஓட்டத்தில் கலத்தின் வால் பகுதியே பிய்ந்து போனது. உள்ளே இருந்த அவர் ஓட்டும் விசையைத் தானே வாங்கி, மூக்கு எஞ்சின்களை முடுக்கி, தண்ணீர்மேல் வழுக்கியபடியே அதைக் கரை சேர்த்தார். அதற்குப் பிறகும் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். எத்தனையோ இரவு அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

இரண்டாவது மாதிரி செய்தேன். வால் நான்கில் ஒரு பங்கு, முனையில் உயரத் தூக்கி வைத்தது, இறக்கை கிளப்பும் காற்று அதைத் தொடாதபடி. புவியீர்ப்பு மையத்தையும் முன்னால் தள்ளினேன். முப்பத்தொரு ஓட்டம் ஓடியது. வேண்டுமென்றே மூக்கைத் தூக்கிப் பார்த்தேன், தானாகக் கீழே வந்து அமர்ந்தது. அத்தனை ஓட்டத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கண்ணு, பெரிய படகில் உடலும் இறக்கையும் முடிந்துவிட்டன. வாலை மட்டும் தொடவில்லை. மாதிரி ஓடியதால் பெரியதும் ஓடும் என்று என் கை சொல்கிறது, கணக்குத் தெரிந்தவள் நீ சொல்ல வேண்டும். உயரம் மாறினால் மாறும் தூக்குவிசையின் மையமும் மூக்கின் சாய்வு மாறினால் மாறும் தூக்குவிசையின் மையமும் எங்கே விழுகின்றன, முன்னது முன்னால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். நோட்டின் பக்கங்களைத் தம்பி படம் எடுத்து அனுப்புவான். நீ கையெழுத்துப் போடும் வரை நான் அதில் உட்காரமாட்டேன். உன் அம்மா தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் முதலில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து ரிமோட்டில்தான் ஓடும். தை மாதம், மழை முடிந்து ஏரி நிறைந்து, காற்று அடங்கிய விடியல் நேரத்தில். நீர்வளத்துறைக்கு எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வராமல் பெரியதைத் தண்ணீரில் இறக்கமாட்டேன். இது சாய்ந்து திரும்பாது, இறக்கை நுனி தண்ணீரில் இடித்துவிடும். நேராகப் போய், அமர்ந்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட ஐம்பது நொடி ஆகும். எனக்கு அது போதும்.

நீ வேண்டாம் என்று கணக்கோடு சொன்னால் நிறுத்திவிடுகிறேன். கணக்கில்லாமல் பயத்தில் சொல்லாதே.

பொங்கலுக்குக் குழந்தையோடு வருவதாகச் சொன்னாய். டிக்கெட் இப்போதே எடுத்துவிடு. உன் அம்மா நிப்பட்டு சுட்டுத் தகர டப்பாவில் வைப்பாள், நீ வரும்வரை தம்பி கையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது உன் ஆபீஸில் பயன்படுத்தும் அந்த நீள எஃகு அளவுகோல் போல ஒன்று வாங்கி வா. என்னுடையது முனை வளைந்துவிட்டது, வாலுக்கு அதை வைத்து அளக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
அப்பா