நிதி கேட்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் வாசிப்பு மையங்களுக்கு மூன்றாண்டு நிதியுதவி உறுதியாகிவிட்டது. ஒப்பந்தத்திலும் கையெழுத்தாயிற்று. செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் யார் யார் உழைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தொண்டு வேலைக்கு நிதி கொடுப்பவர்கள் உண்டு. நிதி கேட்கும் வேலைக்கு யாரும் கொடுப்பதில்லை. திட்ட அறிக்கை, தணிக்கை செய்த கணக்குகள், பதிவுச் சான்றிதழ்கள், அறங்காவலர் குழுவின் தீர்மானம், வேலை தொடங்கும் முன் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் தொடக்கநிலைக் கணக்கெடுப்பு என எல்லாம் முதல் காசு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பெரிய அமைப்புகளில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். எங்களைப் போன்ற சிறிய அமைப்பில் மாலையில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் இரவில் உட்கார்ந்து பட்ஜெட் அட்டவணையையும் நிரப்ப வேண்டும். அந்தச் சுமையைத்தான் நீங்கள் பங்குபோட்டுக்கொண்டீர்கள்.

முதல் நன்றி எங்கள் ஆடிட்டர் அம்மாவுக்கு. வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பழைய கணக்கு முழுவதையும் பிரித்து எழுதிக் கொடுத்தார். நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டினால்தான் நிதி கிடைக்கும் என்ற பயம் இந்தத் துறையில் எல்லோருக்கும் இருக்கிறது. "வாடகையை எதுக்கு மறைக்கணும்? கூரை இல்லாம பிள்ளைங்க எங்க உட்காருவாங்க?" என்று கேட்டார். நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று, தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமெரிக்க அமைப்புகளே 2013இல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடல் எழுதியதையும் அவர்தான் சொன்னார். ஃபோர்டு அறக்கட்டளை திட்ட நிதியில் நிர்வாகத்துக்கான பங்கை 20 சதவீதமாக உயர்த்துவதாக 2015இல் அறிவித்தது. அமெரிக்க அரசும் தன் மானியங்களில் இதற்கான அடிப்படை விகிதத்தை 2024 அக்டோபரில் 10இலிருந்து 15 சதவீதமாக்கியது. இந்த விவரங்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் உண்மையான செலவை அப்படியே எழுதிக் கேட்டோம். கிடைத்தது.

அடுத்து, எங்கள் வரைவைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்திய, ஓய்வுபெற்ற திட்ட அலுவலர் ஐயா. திட்டத்தில் என்ன செய்வோம், அதனால் என்ன மாறும், அதை எப்படி அளப்போம் என்று கட்டம் கட்டமாக எழுதச் சொல்லி நிதி தருபவர்கள் கேட்கும் 'லாக்ஃபிரேம்' அட்டவணையைப் பார்த்தாலே எங்களுக்குக் கை ஓடாது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்காக 1969இல் உருவாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை அது. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பது ஒரு கட்டம், எத்தனை பேர் தாமாக வாசிக்கத் தொடங்கினார்கள் என்பது வேறொரு கட்டம் என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். அதன் பிறகுதான் கணக்கெடுப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதே பிடிபட்டது. அந்தக் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொன்ன தாய்மார்களுக்கும் நன்றி.

எங்களை நிராகரித்த ஓர் அறக்கட்டளையின் அதிகாரிக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களிலிருந்து ஒற்றை வரிப் பதில்தான் வரும், சில இடங்களிலிருந்து அதுவும் வராது. இவர் தொலைபேசியில் அழைத்து, ஒரே புரவலரை நம்பி இருப்பதுதான் எங்கள் பலவீனமாகத் தெரிகிறது என்று விளக்கினார். அவர் செலவிட்ட அந்தச் சில நிமிடங்கள் எங்களுக்குப் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தின.

அதே நிதிக்கு விண்ணப்பித்திருந்தும், தங்கள் பழைய விண்ணப்பங்களை எங்களுக்குக் கொடுத்த சக அமைப்பினரை என்ன சொல்லிப் பாராட்டுவது! இந்தத் துறையில் அது எவ்வளவு பெரிய மனது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதாமாதம் சிறு தொகை அனுப்பியவர்களே, உங்களுக்கு. ஒரு மானியம் முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியில்தான் சிறிய அமைப்புகள் மூடப்படுகின்றன. பல மானியங்களில் முதலில் நாம் செலவு செய்து, பிறகுதான் திரும்பப் பெற முடியும். கையிருப்பே இல்லாதவர் எதை வைத்துச் செலவு செய்வது? உங்கள் பணத்தில்தான் மையங்கள் திறந்திருந்தன. அப்படியும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. அவர்கள் பொறுத்துக்கொண்டதைத் தியாகம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அப்படி ஒரு நிலை வந்திருக்கவே கூடாது.

நிதி தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்துவதாகவும் அறிக்கைச் சுமையைக் குறைப்பதாகவும் உறுதிமொழி எடுத்தன. அன்று முடிந்தது இன்றும் முடியும். சிறிய தொகைக்குச் சிறிய விண்ணப்பம் போதும் என்றாவது தொடங்குங்கள்.

முதல் தவணை வந்ததும் ஆசிரியர்களின் சம்பள பாக்கியைத்தான் முதலில் தீர்க்கப்போகிறோம். எங்கள் விண்ணப்பமும் பட்ஜெட் அட்டவணையும் எந்தச் சிறிய அமைப்புக்குத் தேவைப்பட்டாலும் தயங்காமல் கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம்.

நிறைந்த நன்றியுடன்,
வாசிப்பு மையங்களின் ஒருங்கிணைப்பாளர்