அந்த 37 நாள்

அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் ஆணையர் அலுவலகத்துக்கும் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும்,

வணக்கம். 1980 ஒப்பந்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போட்டதே நீங்கள்தான். 43 நாள் அணியில் இருந்தாலே ஓய்வூதியம் என்று மாற்றினீர்கள். நல்ல காரியம். அதற்கு முன் ஆடி முடித்தவர்களை மட்டும் நாலு வருடம் அணியில் இருந்தால்தான் ஓய்வூதியம் என்ற பழைய விதியிலேயே விட்டுவிட்டீர்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டேவிட் கிளைடை மறந்திருக்க மாட்டீர்கள். ஹூஸ்டனில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 18 வயது பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1973 ஜூன் 27 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை நேரே ஆர்லிங்டன் மைதானத்தில் இறக்கியது. மைதானம் அன்றுதான் முதல்முறையாக நிரம்பியது. வெளியே வண்டி நெரிசல், ஆட்டமே தாமதமாகத் தொடங்கியது. அடிக்க வந்த முதல் இரண்டு பேருக்குக் குறி தவறி வீசி முதல் தளத்தை இலவசமாக (வாக்) கொடுத்துவிட்டு, அடுத்த மூவரையும் பந்தை அடிக்கவிடாமலே அவுட் (ஸ்ட்ரைக் அவுட்) செய்தார் பையன். இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்குக்கு அனுப்பிப் பக்குவப்படுத்தலாம் என்றுதான் பேச்சு. கல்லா நிரம்புவதைப் பார்த்த உரிமையாளர் பாப் ஷார்ட் விடவில்லை. அப்புறம் தோள் போயிற்று. அறுவை சிகிச்சை, பிறகு கிளீவ்லாந்து அணி, 1979இல் எல்லாம் முடிந்தது. பிட்சராக அவர் கணக்கில் 18 வெற்றி, 33 தோல்வி.

ஓய்வூதியத்துக்கு 37 நாள் குறைவு.

தோளுக்கு வைத்தியம் பார்த்த நாள்களே அதைவிட அதிகம் இருக்கும். அடுத்த வருடம் வந்தவருக்கு 43 நாள் போதும். நாலு வருடத்துக்கு 37 நாள் குறைய ஆடியவருக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

2011இல் இவர்களுக்கும் ஏதோ கொடுக்கத் தொடங்கினீர்கள், மறுக்கவில்லை. இப்போது வருடத்துக்கு அதிகபட்சம் 11,500 டாலர், அதிலும் வரி பிடிப்பு உண்டு. ஆட்டக்காரர் கண்ணை மூடினால் மனைவிக்கு அதுவும் கிடையாது. வருட வருமானம் 1,200 கோடி டாலரைத் தொட்ட தொழில் இது! சங்கமோ, ஓய்வு பெற்றவர்களுக்காகப் பேசும் சட்டக் கடமை எங்களுக்கு இல்லை என்கிறது. சரி, கடமை இல்லை. பழைய ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அழைத்துக் கைதட்டுவது மட்டும் எந்தச் சட்டத்தில் இருக்கிறதாம்?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். 2026 டிசம்பர் 1 அன்று இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. புதியதற்கு உட்காரும்போது, 1980க்கு முன் 43 நாள் ஆடியவர்களுக்கும் முழு ஓய்வூதியம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர்களுக்குப் பின் மனைவிக்கும் அது போய்ச் சேரட்டும். கிளைடுக்கே எழுபது கடந்துவிட்டது. மற்றவர்கள் பலர் அவரைவிட மூத்தவர்கள். தயவுசெய்து அடுத்த ஒப்பந்தத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்