அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

நீ அனுப்பிய ‘எங்கள் நம்பிக்கையும் நோக்கமும்’ தாளை அப்பா சத்தமாக வாசித்தார். அப்புறம் நான் தனியாக ஒருமுறை வாசித்தேன். நம் வீட்டில் இப்படி ஏலக்காய் விற்கக் கம்பெனி ஆரம்பித்து, அதற்குக் கொள்கை எழுதுகிற அளவுக்கு வந்த முதல் ஆள் நீதான். குமுளியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிவிட்டார். போனை எடுத்திருந்தால் இதை வாயாலேயே சொல்லியிருப்பேன். நீதான் எடுப்பதில்லையே.

கம்பெனிப் பதிவுக்கு ஆடிட்டர் எழுதிக்கொடுத்த நோக்கம் வேறு, இது வேறு என்றாய். சரிதான். இது நீயே உனக்குப் போட்டுக்கொள்கிற கட்டு. அதனால் நஷ்டம் வந்தாலும் செய்வேன் என்கிறதை மட்டும் எழுது.

மாதிரிக்கு என்று ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்காரர்கள் 1943இல் எழுதிய கொள்கையை அனுப்பியிருந்தாயே, அதில் எனக்குப் பிடித்தது அந்த வரிசை. மருந்தைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில், வேலை செய்கிறவர்கள் அடுத்து, பிறகு ஊர், பங்குதாரர்கள் கடைசியில். உன் தாளில் எல்லாரும் முக்கியம் என்றிருக்கிறது. கையில் காசு குறைந்த மாசத்தில் யாருக்கு முதலில் கொடுப்பாய்? அதை எழுது.

‘தொழிலாளர்கள் எங்கள் குடும்பம்’ என்பதை எடுத்துவிடு. கூடலூர் அக்கா விடியுமுன்னே ஜீப் ஏறி மலைக்கு வருகிறது. அதற்குக் குடும்பம் கீழே இருக்கிறது. காய் விலை விழுந்தாலும் சனிக்கிழமை கூலி உண்டு என்று எழுதினால் அதற்குப் புரியும். அப்பா அப்படித்தான் கொடுத்தார்.

‘நேரே தோட்டத்திலிருந்து’ என்கிறாய். நம் காய் உனக்கு எத்தனை நாளைக்கு வரும்? அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், உனக்குத் தெரியாததா? மிச்சத்தை உன் கூட்டாளி எங்கே பிடிக்கிறார்? போடியில் ஏலம் எடுக்கிறார் என்றால் போடியில் ஏலம் எடுத்தது என்றே போடு. அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அப்புறம் அந்தப் பச்சை. ‘எப்போதும் நிறம் மாறாத ஏலக்காய்’ என்று எழுதியிருக்கிறாய். ஸ்டோரில் பக்குவமாகச் சூடு வைத்துக் காயவைத்து, கறுப்பு பாலிதீன் போட்ட சாக்கில் கட்டி வைத்தாலும் நாள்பட்டால் காய் வெளிறத்தான் செய்யும். சின்னப் பிள்ளையில் நீயே சாக்கைப் பிரித்து வெயில் படவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். தேவாரத்துச் சித்தி உன் பாக்கெட் ஒன்று கொண்டுவந்தாள். அறுப்பு முடிந்து இத்தனை மாசம் கழித்து அப்படி ஒரு பச்சை. ஒரு காயை எடுத்து ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணியைப் பற்றி எழுத மனசு வரவில்லை. அப்பாவுக்குக் காட்டவில்லை.

உனக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போனதே, அப்போதுகூட நம் ஸ்டோருக்குள் சாயம் வந்ததில்லை. ஏலக்காயில் எந்த நிறமும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாயசத்தில் போட்டு யார் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கிறார்கள், அய்யா.

‘நிறம் சேர்ப்பதில்லை, வெளிறிய காயை வெளிறிய காயாகவே விற்போம்’ என்று எழுது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். அந்த வரிக்குக் கூட்டாளி என்ன சொல்கிறார் என்று பார். அவர் வேண்டாம் என்றால் உடனே எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி. பணம் முடங்கியிருந்தால் அதையும் சொல். தாலிக்கொடி போக மிச்ச நகை வீட்டில்தான் இருக்கிறது.

கூலி விஷயத்தையும் மறக்காமல் எழுது. சனிக்கிழமை.

இப்படிக்கு,
அம்மா