ஹெடர் விற்பவர்களே, மீதிக் குழாய் எங்கே?

கார்களுக்கு ஹெடர் (இன்ஜினின் புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஹெடர் பெட்டியில் புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்க்கான பாகங்கள் வரவில்லை என்று உங்களில் ஒருவருக்கு ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். பாகம் சரியாகத்தான் அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும், கலிஃபோர்னியாவில் பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேராவது பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் படிப்பார்கள்.

என் வண்டி எண்பதுகளின் கடைசியில் வந்த கமாரோ, 5 லிட்டர் வி8. பந்தயம் ஓட்டுகிற வயசும் இல்லை, ஆசையும் இல்லை. ஹெடர் செய்யும் அதே வேலையைச் செய்யும், வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது. பழைய கார் உடைக்கும் யார்டில் தேடினால் அங்கே கிடப்பதும் அதே இடத்தில் விரிசல் விட்டதுதான். கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது உங்கள் ஹெடர். பெட்டியில் கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் விலக்கு ஆணை எண், அதாவது இந்தப் பாகத்தை மாட்டலாம் என்ற அனுமதி எண், பளிச்சென்று அச்சாகியிருந்தது. இந்த மாநிலத்தில் அந்த எண் இல்லாத ஹெடரைத் தெருவில் ஓடும் காரில் மாட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணுக்காகத்தான் கூடுதல் விலையும் கொடுத்தோம்.

பெட்டிக்குள் இரண்டு ஹெடர், கேஸ்கெட், போல்ட், ஒரு பக்கக் குறிப்புத்தாள், பெரிய ஸ்டிக்கர் ஒன்று. ஏ.ஐ.ஆர். குழாய் (புகைக்குள் புதுக் காற்றைச் செலுத்தும் குழாய்) வந்து சேர வேண்டிய இடம் ஒரு பக்கத்து ஹெடரில் இருந்தது, அதிலும் மரை வேறு அளவு. மறு பக்கத்தில் ஓட்டையே இல்லை. வண்டிக்கேற்பச் சிறு மாற்றம் தேவைப்படலாம் என்று குறிப்புத்தாள் சொல்லி முடித்துக்கொண்டது.

அந்தச் 'சிறு மாற்றம்' என்னவென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஜினில் முழுதாக எரியாமல் வெளியே வரும் புகையில் ஒரு பம்பு புதுக் காற்றைச் செலுத்தி, மிச்சத்தை அங்கேயே எரிய வைக்கிறது. அதற்கான இரும்புக் குழாய்கள் பழைய மேனிஃபோல்டில் திருகியிருக்கும். முப்பது வருஷச் சூட்டில் அந்த மரை உள்ளேயே இறுகிப்போயிருக்கிறது. ஸ்பானர் போட்டால் நட்டு சுற்றுவதில்லை, குழாய்தான் முறுக்கிக்கொண்டு உடைகிறது. அப்படியே உடையாமல் வந்தாலும் உங்கள் ஹெடரின் வளைவுக்கும் அதன் வளைவுக்கும் பொருத்தமே கிடையாது. சரி, புதிதாக வளைத்துக்கொள்ளலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனால் அங்கே தண்ணீருக்கும் கேஸுக்கும்தான் குழாய் இருக்கிறது. செம்பு கையாலேயே வளையும், ஆனால் இன்ஜின் அதிர்வில் கெட்டிப்பட்டு ஒருநாள் கீறல் விடும். கால்வனைஸ் செய்த இரும்பு மலிவு, ஆனால் அதன் மேல் பூசிய துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதை வெல்டிங் செய்தால் வரும் புகையைச் சுவாசித்தவன் காய்ச்சலில் படுப்பான். ரப்பர் ஹோஸை இழுத்துவிட்டால் ஹெடரின் சூட்டில் உருகி, புகை பம்புக்குப் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வும் கெட்டுப்போகிறது. கடைசியில் சைலன்சர் கடைக்காரர் ஹெடரில் துளை போட்டு, ஒரு இரும்பு நட்டை வெல்டு வைத்து, அதில் வளைத்த ஸ்டீல் குழாயைத் திருகிக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலியையும் சேர்த்தால், மலிவு என்று நினைத்து வாங்கிய உங்கள் ஹெடர் மலிவாக இல்லை.

அப்புறம் ஸ்மாக் செக், அதாவது மாநிலத்தின் புகைச் சோதனை. சோதனை செய்தவர் பானெட்டைத் திறந்து அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆணை எண் இருக்கிறது, சரி. ஆனால் அந்த ஆணை நீங்கள் வாரியத்திடம் காட்டி அனுமதி வாங்கிய வடிவத்துக்குத்தானே? இந்த நட்டு பெட்டியில் வந்ததா, தெருவில் முளைத்ததா என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது? குழாயை இணைக்காவிட்டால் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே ஃபெயில். இணைத்தாலோ, இணைத்த விதம் சந்தேகத்துக்குரியது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களை நிறுத்தியது சட்டம் அல்ல, பெட்டியில் வராமல் போன ஒரு முழம் குழாய்.

ஆகவே என் கோரிக்கை: எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போடுகிறீர்களோ, அந்த வண்டியின் புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்கள் அத்தனையையும் இணைக்கத் தேவையான பாகங்களைப் பெட்டியிலேயே வையுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை, விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையும் சொல்லியாக வேண்டும். 18 மில்லிமீட்டர் மரை என்பது ஊரறிந்த அளவு, அதைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் மேனிஃபோல்டில் இருந்ததை, ஹெடரின் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டருக்குக் கீழே தள்ளிவிட்டீர்கள். இந்த வண்டியின் சென்சார் ஒற்றைக் கம்பி வகை, உள்ளே ஹீட்டர் கிடையாது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் ஏறினால்தான் அது வேலை செய்யும். கீழே காற்றில் தொங்கிக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆறிப்போகிறது. ஹீட்டர் உள்ள சென்சாரும் கூடுதல் வயரும் வேண்டும் என்று குறிப்புத்தாளில் ஒரு வரி போட்டிருந்தால் உங்கள் மை தீர்ந்துவிடுமா? கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சார் பொய் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். புகையைக் குறைக்க அரும்பாடு பட்டுக் குழாய் மாட்டியவனின் வண்டி முன்பைவிட அதிகம் புகைக்கும். 1999 வரையிலான கார்களை டெயில்பைப்பில் குழாய் விட்டு அளக்கிறார்கள், மறைக்கவும் முடியாது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காலத்தில் பட்டப்பகலில் கண் எரிந்த கதையை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1967-இல் காற்று வாரியம் வந்ததே அதற்காகத்தான். 1975 வரையிலான கார்களுக்கு ஸ்மாக் செக்கே கிடையாது, அதற்குப் பிறகு வந்த எங்கள் வண்டிகள்தான் இடையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அது போகட்டும். உங்கள் விளம்பரங்களைத்தான் தாங்க முடியவில்லை. 'பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டு, பக்கத்தில் மளிகைக் கடை வாசலில் நிற்கும் காரின் படம்! குதிரைத்திறன் வரைபடத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், எந்த ஓட்டையில் எந்தக் குழாய் என்று காட்டும் படத்துக்கு இடம் இல்லை. மூடியைத் தராமல் பிரஷர் குக்கர் விற்பவரை எங்கள் ஊரில் கடைத்தெருவிலேயே வைத்துக் கேட்பார்கள். நீங்களோ ஸ்டிக்கர் தருகிறீர்கள். ஸ்டிக்கரை ஒட்டினால் ஐந்து குதிரைத்திறன் கூடும் போலிருக்கிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஏ.ஐ.ஆர். குழாய்க்கான இணைப்பு இரு பக்கமும் வேண்டும். சில வண்டிகளில் ஈ.ஜி.ஆர். குழாயும் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் குழாய்) மேனிஃபோல்டிலிருந்தே கிளம்புகிறது, அவற்றுக்கு அதுவும் வேண்டும். சென்சார் பற்றி உண்மையான ஒரு வரி வேண்டும். ஆணையின் நகலையும், அது எந்த ஆண்டு, எந்த இன்ஜினுக்குச் செல்லும் என்ற பட்டியலையும் பெட்டியிலேயே வைத்தால் சோதனைக்காரரிடம் காட்டச் சௌகரியமாக இருக்கும். இதெல்லாம் முடியாதென்றால், இந்த ஹெடரில் இன்னின்ன குழாய்க்கு இடமில்லை என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

ஏற்கெனவே விற்ற ஹெடர்களுக்கும் இந்தப் பாகங்களைத் தனிப் பொட்டலமாக விற்பனைக்குக் கொண்டுவரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் பொட்டலத்துக்கு இப்போதே பணம் கட்டத் தயார்.

இப்படிக்கு,
இன்னொரு முறை ஸ்மாக் செக்குக்குப் போக வேண்டிய உங்கள் வாடிக்கையாளர்