அஞ்சலிக்குக் குண்டு எழுத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனை உருண்ட வட்ட எழுத்துருக்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘கண்ணுக்கு இதமானது, எங்கும் பொருந்தும்’ என்று முடித்திருந்தீர்கள். இதமானது, சரி. எங்கும் பொருந்தும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். பிரஷ் போய் ஃபிளெக்ஸ் வந்த பிறகும் அதே தெருவில்தான் கடை.

ஒருமுறை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று அவசரமாக வந்தது. கடைப் பையன், காலையில் பிறந்தநாள் பேனருக்குப் போட்ட குண்டு எழுத்தை மாற்றாமல் அதிலேயே அடித்துவிட்டான். வாங்க வந்த பெரியவர் விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, சாவு வூட்டுக்கு அடிச்சியா, பர்த்டேவுக்கு அடிச்சியா?” என்றார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எழுத்துதான் சிரித்துக்கொண்டிருந்தது. காசு வாங்காமல் வேறு அடித்துக் கொடுத்தேன்.

அதே எழுத்தில் சின்ன நோட்டீஸும் போட்டிருந்தோம். ‘கண்ணீர்’ என்பதில் அடுத்தடுத்து இரண்டு ணகரம். கோடு தடிமன், சுழி சின்னது, தாளோ மட்டம். மை பரவிச் சுழிகள் அடைத்துக்கொண்டு, ண எது ன எது என்றே தெரியவில்லை. ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். இந்த வகை எழுத்துருக்கள் பலவற்றில் சின்ன ‘ஏ’ ஒரு வட்டமும் ஒரு குச்சியும்தான். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் ‘ஓ’ மாதிரி இருக்கும்.

அப்புறம், காம்பஸ் வைத்து வரைந்தாலே இந்த எழுத்து வந்துவிடும் என்பது போல எழுதியிருந்தீர்கள். வராது. ஒரே உயரத்தில் போட்டால் சதுரத்துக்குப் பக்கத்தில் வட்டம் சிறுத்துத் தெரியும். அதனால் கோட்டுக்கு மேலும் கீழும் இம்மி தள்ளித்தான் போடுவோம். 1927இல் வட்டமும் நேர்கோடுமாக அமைந்த ‘ஃபூச்சுரா’ எழுத்துருவைக் கொண்டுவந்த பால் ரென்னரும் காம்பஸை முழுக்க நம்பவில்லை. வட்டம் குச்சியோடு சேருகிற இடத்தில் கோட்டை மெலித்திருக்கிறார்.

உருண்ட முனையில் கட்டுரை சொல்லாத நன்மை ஒன்றும் உண்டு. காசிமேட்டு மீன் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்குத் தெரியும்: எழுத்தின் கூர்முனைதான் முதலில் பெயர்ந்து நிற்கும். உருண்ட முனை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். டிபன் கடை, ஜூஸ் கடை, மழலையர் பள்ளி என்றால் நானே ‘பலூ தம்பி’ என்ற குண்டு எழுத்துருவைத்தான் எடுப்பேன், இலவசமாகக் கிடைக்கிறது, கொட்டை எழுத்தில் நன்றாக நிற்கும். வோக்ஸ்வாகன் கார் கம்பெனிக்காக 1979 வாக்கில் உருவான உருண்டை எழுத்து, பின்னால் ஆப்பிள் கீபோர்டுகளில் பல வருடம் இருந்தது. ஒரு பொத்தானுக்கு ஒரு எழுத்து. அங்கே அடைபடச் சுழியும் இல்லை, குழம்பப் பக்கத்து எழுத்தும் இல்லை.

உங்கள் சிறுவர் பக்கத் தலைப்புக்கு இந்த எழுத்து அழகாகவே இருக்கிறது. மருத்துவப் பக்கத்தில், மாத்திரை அளவு போடும் சின்னக் கட்டத்தில் மட்டும் பழைய எழுத்தையே திரும்பப் போடுங்கள். என் வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் என்னைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.