சாப்பிட்டுவிட்டு ஓ.பி.க்குப் போ

அன்புள்ள மலருக்கு,

வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் 'ஓகேமா' என்று ஒரே வார்த்தைதான் வருகிறது. அதனால் தாளை எடுத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெறும் டீயோடு ஓ.பி.யில் நோயாளிகளைப் பார்க்கப் போய் உட்காராதே.

இங்கே எல்லாரும் நலம். ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், காசிமேட்டில் மீன் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. அப்பா கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்திலேயே பேப்பரைப் படித்து முடித்துவிடுகிறார்.

கீழ்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கால் ஆறி வருகிறது. வருஷப் பிறப்புக்கு நீ வந்திருந்தபோது சுகர் நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்களே. நீ நோட்டைப் புரட்டினாய், "இதே மாத்திரையைப் போடுங்க" என்றாய், திரும்பவும் படுத்துக்கொண்டாய். நாலு நாள் கழித்து நான் பார்த்தேன். வலது கால் சுண்டுவிரல் இடுக்கில் மிளகு அளவுக்குப் புண், செருப்பு வார் உரசியது. கால் மரத்துப் போயிருப்பதால் அவர்களுக்கு வலியே தெரியவில்லை. தினமும் நான்தான் கட்டுப் போடுகிறேன். குற்றம் சொல்ல எழுதவில்லை, லீவில் வந்த பெண்ணிடம் நோட்டை நீட்டினது அவர்கள் தப்புதான். ஆனாலும் ஸ்டான்லியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தெருமுனைப் பூக்கார ஆயாவின் காலைக்கூடக் குனிந்து பார்த்தவள் நீ.

காலையில் நாலு மணி நேரத்தில் 150 சீட்டு என்றாயே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒன்றரை நிமிஷம், கொஞ்சம் கூட. செருப்பைக் கழற்றி உட்காருவதற்கே அது போய்விடும். அப்புறம் அத்தனை பேரையும் கம்ப்யூட்டரில் வேறு ஏற்ற வேண்டும்.

ஜெயச்சந்திரன் டாக்டரைக் காட்டிக் காட்டித்தானே உன்னை வளர்த்தேன். 2018 டிசம்பரில் அந்த அஞ்சு ரூபாய் டாக்டர் போனபோது வண்ணாரப்பேட்டையே தெருவில் நின்றது, நீயும் நின்று அழுதாய். உன் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். ஆனால் அவர் கிளினிக்கில் அவரே ராஜா. இன்றைக்கு எத்தனை பேர் என்று சாயங்காலம் அவரிடம் யார் கணக்குக் கேட்டிருப்பார்கள்? இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஓய்ந்து போவது, வேலையில் மனசு ஒட்டாமல் போவது, என்ன செய்தும் பலனில்லை என்று தோன்றுவது. இந்த மூன்றையும் சேர்த்து 'பர்ன் அவுட்' என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறதாம். நோய் என்று சேர்க்கவில்லை, வேலையிடத்து அழுத்தம் தீராமலே கிடந்தால் வருவதாம். பேப்பரில் படித்ததும் எனக்கு என் ஞாபகம்தான் வந்தது.

1998. லேபர் வார்டில் எனக்குத் தொடர்ந்து நைட் டூட்டி. குப்பத்துப் பெண் ஒருத்தி, "சிஸ்டர், தலை வலிக்குது, கண்ணு மங்குது" என்றாள். "எல்லாருக்கும்தான் வலிக்குது, போய்ப் படு" என்றேன். பி.பி. பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? விடியற்காலையில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து, சோறு சிந்தியதற்காக உன்னை அடித்தேன். உனக்கு நாலு வயது.

ஜனவரியில் நீ போனில் "முடியலம்மா" என்றபோதும் "எல்லாருக்கும்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அதற்கப்புறம் நீ எதுவும் சொல்வதில்லை.

லீவு கிடைத்தால் வா. நோட்டோடு யாரும் மாடி ஏறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். தடை முடிந்ததும் சங்கரா வாங்கி வைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு ஓ.பி.க்குப் போ.

அம்மா